அயோடின் குடித்த பிறகு



தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தால் என்னென்ன சிக்கல்கள் வரும்? இதுதான் எனக்குத் தரப்பட்ட பொருள். மருத்துவக் கல்லூரி வகுப்பில் இதைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்க்காரர்கள் முன் பேசும்போது அவ்வளவு எளிதாக முடியாது. மருந்து கொடுக்கும் இடம் ஒன்று, சிக்கல் தலைகாட்டும் இடம் வேறொன்று. புதுச்சேரி ஜிப்மரிலோ வேலூர் சி.எம்.சி.யிலோ சென்னையிலோ அயோடினைக் குடித்துவிட்டு நோயாளி அன்றே பேருந்து ஏறி ஊருக்கு வந்துவிடுகிறார். மூன்றாம் மாதம் முகம் உப்பி, குரல் கரகரத்து, நாலு படி ஏற முடியாமல் அவர் வந்து நிற்பது திண்டிவனம் அரசு மருத்துவமனையின் புறநோயாளி வரிசையில், அல்லது முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியில், அல்லது தெருமுனை மருந்துக்கடையில். இந்தச் சிகிச்சையின் சிக்கல்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே தெரிந்தவை. அவை ஆளை வருத்துவது, ஊர் திரும்பிய பிறகு அந்த நோயாளியைத் தொடர்ந்து பார்க்க யாரும் இல்லாமல் போகும்போதுதான். இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி மூன்றையும் கோடிட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1993-இல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டத்துக்கு, 2010-இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. கதிரியக்க அயோடின் தரும் அணு மருத்துவத் துறை வேண்டுமென்றால் புதுச்சேரிக்கோ அதற்கு அப்பாலோ போகிறோம். அந்த 40 கிலோமீட்டர் பெரிய தூரமில்லை. ஆனால் கரும்பு வெட்டுக்கும் நடவுக்கும் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். மருந்து குடிக்க ஒரு தடவை போவார். சோதனைக்கு இரத்தம் கொடுக்க ஆறு வாரத்துக்கு ஒரு தடவை போகச் சொன்னால் இரண்டாவது முறையோடு நின்றுவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்கழுத்தில் குரல்வளைக்குக் கீழே இருக்கும் தைராய்டு, உணவிலிருந்து வரும் அயோடினை இழுத்து, T4, T3 என்ற இரண்டு ஹார்மோன்களைச் செய்கிறது. எவ்வளவு செய்ய வேண்டும் என்று மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி TSH என்ற ஹார்மோன் மூலம் கட்டளையிடுகிறது. கிரேவ்ஸ் நோயில் உடலே ஓர் எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கிறது. அது TSH போலவே தைராய்டைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். தொட்டி நிறைந்த பிறகும் நிறுத்த ஆளில்லாமல் ஓடும் மோட்டார் மாதிரி சுரப்பி ஓடுகிறது. நன்றாகச் சாப்பிட்டும் உடல் இளைக்கும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். சிலருக்குக் கண் பிதுங்கும். வயதானவர்களுக்கு இந்த அடையாளங்கள் எதுவும் இல்லாமல், இதயத் துடிப்பு தாறுமாறாவது மட்டுமே தெரியலாம். 1835-இல் டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் விவரித்த நோய் இது. கழலையில் உள்ள கட்டிகளே தன்னிச்சையாகச் சுரக்கும் வகையும் உண்டு. அது நடுவயதுக்கு மேல் அதிகம்.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. கார்பிமசோல் மாத்திரையை ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு சாப்பிடலாம். நிறுத்திய பிறகு ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்பும். மிகச் சிலருக்கு இரத்த வெள்ளணுக்கள் திடீரென வீழ்ந்து, தொண்டை வலியும் காய்ச்சலுமாக உயிருக்கே ஆபத்தாகும். அறுவை செய்து சுரப்பியை எடுக்கலாம். கைதேர்ந்த அறுவை மருத்துவர் வேண்டும், குரல் நரம்பும் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகளும் தப்ப வேண்டும். மூன்றாவது வழிதான் கதிரியக்க அயோடின். ஆபத்தே இல்லாத வழி இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அயோடினின் குறைகளை மட்டும் இன்று அடுக்குவதால், மற்ற இரண்டும் குறையற்றவை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

இந்தச் சிகிச்சை ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. 1936 நவம்பர் 12 அன்று, ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) தலைவர் கார்ல் காம்ப்டன், இயற்பியல் மருத்துவத்துக்கு என்ன செய்ய முடியும் என்று ஓர் உரை நிகழ்த்தினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சால் ஹெர்ட்ஸ், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் தைராய்டு மருத்துவர். அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உடையதாக்க முடியுமா என்று அவர் கேட்டார். முடியும் என்று அடுத்த மாதமே காம்ப்டனிடமிருந்து பதில் கடிதம் வந்தது. ஹெர்ட்ஸ் குழுவினர் முதலில் முயல்களில் சோதித்தார்கள். அவர்கள் கையில் இருந்தது 25 நிமிடத்தில் பாதியாகிவிடும் அயோடின்-128. அதை வைத்துச் சிகிச்சை செய்ய முடியாது. 1938-இல் பெர்க்லியில் ஆய்வாளர்கள் லிவிங்கூடும் சீபோர்க்கும் அயோடின்-131-ஐக் கண்டறிந்தார்கள். 1941 மார்ச் 31 அன்று ஹெர்ட்ஸ் முதல் நோயாளிக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்தார். அதில் பெரும்பகுதி 12 மணி நேர அரைவாழ்வு கொண்ட அயோடின்-130. இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1946-இல் ஓக் ரிட்ஜ் அணு உலையிலிருந்து அயோடின்-131 மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கியதும் சிகிச்சை உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் டிராம்பேயில் 1956 ஆகஸ்டில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. 1963-இல் மும்பையில் கதிரியக்க மருத்துவ மையம் வந்தது. இன்று ஐசோடோப்புகளை மருத்துவமனைகளுக்கு அனுப்பும் பிரிட் என்ற அமைப்பும் அணுசக்தித் துறையைச் சேர்ந்ததே.

அயோடின் என்றதும் நமக்கு உப்புதான் நினைவுக்கு வரும் என்பதால், மரக்காணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் சாலையோரமெல்லாம் உப்பளம். கடல் உப்பென்றால் அதில் அயோடின் நிறைய இருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வெயிலில் காய்ச்சி எடுக்கும் உப்பில் இயற்கையாக இருக்கும் அயோடின் மிகக் குறைவு. அதனால்தான் ஆலையில் சேர்க்கிறார்கள். உப்பு விளையும் நம் தமிழ்நாட்டில், 2018-19 தேசிய அயோடின் ஆய்வின்படி, போதிய அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்திய குடும்பங்கள் 61.9 விழுக்காடுதான். மாநிலங்களிலேயே குறைந்த அளவு அது. இதற்கும் இன்றைய பொருளுக்கும் தொடர்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடினுக்காக அலையும் தைராய்டு, சாதாரண அயோடினையும் கதிரியக்க அயோடினையும் பிரித்தறியாது. கதிரியக்க அயோடினையும் ஆசையோடு இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். அதன் பீட்டா கதிர் திசுவுக்குள் இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுவதால், பக்கத்தில் இருக்கும் மூச்சுக்குழாயையோ உணவுக்குழாயையோ பெரிதும் தொடாமல் சுரப்பியை மட்டும் அழிக்கிறது. எட்டு நாளுக்கு ஒரு முறை கதிரியக்கம் பாதியாகும்.

இதனால் ஒரு நடைமுறைச் சிக்கலும் வரும். சுரப்பி ஏற்கெனவே சாதாரண அயோடினால் நிறைந்திருந்தால் மருந்தை இழுக்காது. சாய மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனில் அயோடின் ஏராளம். உள்ளூர் ஸ்கேன் மையத்தில் எதற்காகவோ அதை எடுத்துவிட்டு அடுத்த வாரம் வேலூருக்குப் போனால், இரண்டு மாதம் கழித்து வரச் சொல்வார்கள். இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் மாத்திரை என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொண்டால் ஒரு பயணம் மிச்சம்.

இனிச் சிக்கல்களுக்கு வருகிறேன். முதலும் பெரியதும் தைராய்டு குறைந்து போவது. இதைச் சிக்கல் என்பதா, சிகிச்சையின் இலக்கே என்பதா? கிரேவ்ஸ் நோய்க்கு இன்று கொடுக்கும் 10 முதல் 15 மில்லிகியூரி அளவு, பெரும்பாலும் சுரப்பியை முழுதாக ஓய்த்துவிடும் நோக்கத்தோடுதான் தரப்படுகிறது. அரைகுறையாக விட்டால் நோய் திரும்பும். ஆகவே பெரும்பாலோருக்கு இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் தைராய்டு குறைவு வரும். அப்போது தப்பியவர்களிலும் ஆண்டுதோறும் சிலருக்கு வந்துகொண்டே இருக்கும். பத்தாண்டு கழித்தும் வரலாம். அதன்பின் ஆயுள் முழுவதும் லெவோதைராக்சின் மாத்திரை.

மருத்துவருக்கு இது சாதாரணச் செய்தி. நோயாளிக்கு அப்படியில்லை. நேற்று வரை சுரப்பைக் குறைக்க மாத்திரை தின்றவரிடம், இன்று சுரப்புக்கு ஈடாக மாத்திரை தின்னச் சொல்கிறோம். வீட்டில் கேட்கமாட்டார்களா? ‘போன வருஷம் அதிகம்னாங்க, இந்த வருஷம் கம்மிங்கிறாங்க, எதுவும் வேணாம் நிறுத்திடு’ என்று மாமியாரோ கணவரோ சொன்னால் அதில் வியக்க ஒன்றுமில்லை. அயோடின் கொடுப்பதற்கு முன்பே, நோயாளியோடு வரும் உறவினரையும் உட்காரவைத்து, ‘இந்த மருந்து சுரப்பியை ஓய்த்துவிடும், பிறகு தினமும் ஒரு மாத்திரை, நாளொன்றுக்கு ஓரிரு ரூபாய்தான் ஆகும், ஆனால் நிறுத்தவே கூடாது’ என்று சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்வதைவிட முன்னால் சொல்வதுதான் எடுபடும். லெவோதைராக்சின் உடலில் பாதியாக ஒரு வாரம் ஆகும். நாலு நாள் மறந்தாலும் ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியவில்லையே என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஒன்றிரண்டு மாதத்தில் உடல் கனத்து, மலம் இறுகி, மாதவிடாய் தப்பி, மனம் சோர்ந்து போவார்கள். வயதான சிலர் குளிர்ந்து மயங்கிய நிலையில் அவசரப் பிரிவுக்கு வருவதும் உண்டு. முற்றிலும் தடுக்கக்கூடிய அந்த நிலையில் ஒருவரைப் பார்ப்பது மருத்துவத்தில் எனக்குத் தாங்க முடியாதவற்றுள் ஒன்று.

இங்கே இருக்கும் இளம் மருத்துவர்களுக்கும் ஆய்வகத் தொழில்நுட்பர்களுக்கும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அயோடின் குடித்த முதல் சில மாதங்களில் TSH-ஐ மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. நெடுநாள் அளவுக்கு மீறிய ஹார்மோனில் ஊறிக்கிடந்த பிட்யூட்டரி, உடனே விழித்துக்கொள்ளாது. T4 தரைதட்டிய பிறகும் TSH பல வாரம் தாழ்ந்தே கிடக்கும். ஒரு பெண் எட்டாவது வாரம் சோர்வோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காசு மிச்சமாகட்டும் என்று TSH மட்டும் எடுக்கிறோம். அது 0.01 என்று வருகிறது. TSH தாழ்ந்திருப்பதால், ‘இன்னும் அதிகமாகத்தான் சுரக்கிறது’ என்று எண்ணி கார்பிமசோலை மறுபடி எழுதிக் கொடுத்தால், ஏற்கெனவே ஓய்ந்த சுரப்பியின் மேல் இன்னொரு அடி. பிரீ T4 சேர்த்துப் பார்த்திருந்தால் குறைவு தெரிந்திருக்கும். நாலு முதல் ஆறு வாரத்தில் முதல் சோதனை, பிறகு ஆறு மாதம் வரை அதே இடைவெளியில், அளவு நிலைத்ததும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை. இந்தச் சோதனைக்கு அணு மருத்துவத் துறை தேவையில்லை. ஊரிலேயே எடுக்கலாம்.

மாத்திரை சாப்பிடும் முறையையும் சொல்கிறேன், கூட்டத்தில் பலருக்குப் பயன்படும். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபி, டீ அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் தைராக்சின் சரியாக உறிஞ்சப்படாது. புட்டியை அடுப்படி அலமாரியில் வைக்காதீர்கள், நம் ஊர்ச் சூட்டில் மருந்தின் வீரியம் குறையும்.

அடுத்தது கண். தைராய்டு அளவை மாத்திரையால் சரிசெய்துவிடலாம், கண் அப்படியல்ல என்பதால் எனக்கு இதில் அக்கறை அதிகம். கிரேவ்ஸ் நோயில் கண் குழியின் தசையும் கொழுப்பும் வீங்கும். அயோடின் சுரப்பியை உடைக்கும்போது அதன் உட்பொருள்கள் இரத்தத்தில் கலந்து, எதிர்ப்புப் பொருள் சில மாதங்களுக்கு மேலும் கூடுகிறது. அதோடு கண் நோயும் கிளம்பலாம். இத்தாலியின் பீசா நகரில் பார்தலேனாவும் உடன் ஆய்வாளர்களும் 443 நோயாளிகளை வைத்து நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. அயோடின் மட்டும் பெற்றவர்களில் 15 விழுக்காட்டினருக்குக் கண் நோய் புதிதாக வந்தது அல்லது மோசமானது. மாத்திரையில் இருந்தவர்களில் 3 விழுக்காடு. அயோடினோடு பிரட்னிசோன் என்ற ஸ்டீராய்டையும் பெற்றவர்களில் ஒருவருக்குக்கூட மோசமாகவில்லை. அமெரிக்க அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்ஷின் மனைவி பார்பரா புஷ்ஷுக்கு 1989-இல் கிரேவ்ஸ் நோய் கண்டுபிடிக்கப்பட்டு, அயோடின் கொடுக்கப்பட்டது. அவருக்குக் கண் தொல்லை நீடித்து, அதற்கு ஸ்டீராய்டும் கதிர்வீச்சும் தேவைப்பட்டன. அவ்வளவு வசதியும் மருத்துவரும் அருகிலிருந்தும் கண் தன் போக்கில் போனது. 1991-இல் அதே நோய்க்கு அவர் கணவரும் அயோடின் எடுத்துக்கொண்டார்.

கண்ணுக்கு இரண்டு பகைகள் உண்டு, இரண்டும் நம் கையில் இருப்பவை. ஒன்று புகை. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குக் கண் நோய் வருவதும் முற்றுவதும் அதிகம், ஸ்டீராய்டுக்கும் சரியாகக் கட்டுப்படாது. அயோடின் குடிக்கப் போகிற ஆணிடம் பீடியை விடச் சொல்வது உபதேசமல்ல, சிகிச்சையின் பகுதி. பெண்ணுக்கு நோய் என்றால் வீட்டுக்குள் புகைக்கும் ஆணிடமும் அதையே சொல்ல வேண்டும். இரண்டாவது, தைராய்டு குறைவைக் கவனிக்காமல் விடுவது. TSH ஏற ஏறக் கண்ணும் மோசமாகும். நேரத்துக்குத் தொடங்கிய தைராக்சின் மாத்திரை கண்ணையும் காக்கிறது. ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது. நம் மாவட்டத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கா பஞ்சம்? கண்ணில் மணல் விழுந்த உறுத்தல், இரவில் இமை மூடாமல் நிற்பது, ஒன்று இரண்டாகத் தெரிவது, இவை தொடங்கினால் நாள் கடத்தாமல் கண் மருத்துவரிடம் போங்கள். புதுச்சேரி அரவிந்த் தொலைவில் இல்லை. நிறம் மங்கினால், பார்வை குறைந்தால் அன்றே போக வேண்டும். பார்வை நரம்பு நசுங்குகிறது என்று பொருள். கண் நோய் ஏற்கெனவே கடுமையாக இருப்பவருக்கு அயோடினைத் தவிர்ப்பதே முறை.

முதல் இரண்டு வாரத்துச் சிக்கல்கள் அரிதானவை, விரைவாகச் சொல்கிறேன். சிலருக்குச் சுரப்பி வீங்கிக் கழுத்து வலிக்கும். வலி மாத்திரையில் அடங்கும். உடையும் சுரப்பியிலிருந்து ஹார்மோன் கசிந்து, படபடப்பு சில நாள் கூடலாம். வயதானவருக்கும் இதய நோயாளிக்கும் அது கொந்தளிப்பாக மாறி, கடும் காய்ச்சல், வாந்தி, மனக்குழப்பம், கட்டுக்கடங்காத துடிப்பு என்று உயிரை அச்சுறுத்தும். அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் கார்பிமசோலால் அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சில நாள் முன்பு நிறுத்தி, பிறகு அயோடின் கொடுப்பது இதனால்தான். படபடப்பைத் தணிக்கும் புரொபிரனலால் மாத்திரையை ஆஸ்துமா இல்லாதவர்கள் விடாமல் சாப்பிட வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கி வாய் உலர்வது புற்றுநோய்க்குக் கொடுக்கும் பெரிய அளவில்தான் அதிகம். ஒரே தடவையில் நோய் தீராமல், ஆறு மாதம் பார்த்து இரண்டாம் முறை குடிக்க நேர்வதும் சிலருக்கு உண்டு. அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம்.

பெண்களுக்கு வருகிறேன். இந்த நோய் வருவது பெரும்பாலும் பெண்களுக்கே, அதிலும் பிள்ளை பெறும் வயதில். கர்ப்பத்தில் அயோடின் கூடவே கூடாது. பத்து, பன்னிரண்டு வாரம் தாண்டிய கருவின் தைராய்டு அயோடினை இழுக்கத் தொடங்கிவிடும், குழந்தையின் சுரப்பியே அழியலாம். மருந்து தரும் நாளன்று கர்ப்பச் சோதனை செய்வதைச் சிலர் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். குறிப்பாக மணமாகாத பெண்ணோடு வரும் பெற்றோர். எல்லாப் பெண்ணுக்கும் செய்யும் விதி இது என்று பொறுமையாகச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். பால் கொடுக்கும் தாய், ஆறு வாரம் முன்பே பாலை நிறுத்தியிருக்க வேண்டும், அந்தக் குழந்தைக்கு மறுபடி கொடுக்கக் கூடாது. அடுத்த குழந்தைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பெண்கள் ஆறு மாதமும் ஆண்கள் மூன்று, நான்கு மாதமும் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். ‘அயோடின் குடித்தவளுக்குப் பிள்ளை பிறக்காது’ என்று ஊரில் பேசுவது பொய். பெண் பார்க்க வந்தவர்களிடம் இதை மறைக்க வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது.

இன்னொன்று, மருத்துவர்களே தவறவிடக்கூடியது. அயோடின் சுரப்பியை ஓய்த்தாலும் கிரேவ்ஸ் நோயின் எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம். மூன்று ஆண்டு கழித்துக் கருவுறும் பெண் தைராக்சின் சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருப்பார். அவர் உடலில் தூண்டுவதற்குச் சுரப்பி இல்லை. ஆனால் நஞ்சுக்கொடி வழியாகப் போகும் எதிர்ப்புப் பொருள், குழந்தையின் சுரப்பியைத் தூண்டிவிடும். வயிற்றுக்குள்ளேயே குழந்தையின் இதயம் வேகமாக ஓடும், பிறந்தபின் எடை ஏறாது. செவிலியர் பார்ப்பது தைராக்சின் மாத்திரையைத்தான், ‘தைராய்டு குறைவு’ என்று எழுதிவிடுவார். கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி ஏட்டில் பதிவு செய்யும்போது ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும்: ‘முன்பு தைராய்டு அதிகமாக இருந்து அயோடின் குடித்தீர்களா, அறுவை செய்தீர்களா?’ ஆம் என்றால் எதிர்ப்புப் பொருள் சோதனை, ஸ்கேனில் குழந்தையின் துடிப்பைக் கவனிப்பது, பிரசவத்தன்று குழந்தை மருத்துவருக்குத் தகவல். கருவுற்றதும் தாயின் தைராக்சின் அளவையும் கால்பங்குக்கு மேல் கூட்ட வேண்டிவரும்.

புற்றுநோய் பயத்தைப் பேசாமல் போனால் இந்த உரை நேர்மையானதாக இராது. கல்பாக்கம் அணுமின் நிலையம் நமக்கு வடக்கே இதே கடற்கரையில் இருக்கிறது, ‘அணு’ என்றாலே இங்கு ஓர் அச்சம். 1986-இல் செர்னோபில் அணு உலை விபத்தில் காற்றில் கலந்து, பாலில் இறங்கி, பல குழந்தைகளுக்குத் தைராய்டுப் புற்றுநோய் தந்ததும் இதே அயோடின்-131தான். அதையா குடிக்கச் சொல்கிறீர்கள் என்ற கேள்வி நியாயமானது. குறைந்த அளவு கதிர், வளரும் பிள்ளையின் சுரப்பி உயிரணுவைக் கொல்லாமல் காயப்படுத்தி விடுகிறது, காயப்பட்ட உயிரணு பின்னாளில் கெடலாம். சிகிச்சையில் கொடுக்கும் பெரிய அளவு அந்த உயிரணுவையே மாய்க்கிறது. வளரும் சுரப்பி எளிதில் காயப்படும் என்பதால்தான் சிறு குழந்தைகளுக்கு இதைத் தவிர்க்கிறோம். மற்ற உறுப்புகளுக்குப் போகும் சிறு அளவைப் பற்றி முடிவான ஒற்றைப் பதில் இல்லை. 35,000-க்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, மொத்தப் புற்றுநோய் மரணம் கூடவில்லை என்றது. அதே குழுவில் 18,805 பேரை இன்னும் நெடுங்காலம் தொடர்ந்து, உறுப்புகள் பெற்ற அளவையும் கணக்கிட்ட 2019 ஆய்வு, அளவு கூடக்கூட மார்பகம் உள்ளிட்ட புற்றுநோய்களால் இறப்பது சிறிது கூடுகிறது என்றது. 1,000 பேருக்குக் கொடுத்தால் ஆயுள் முழுவதும் கூடுதலாக 19 முதல் 32 மரணங்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. அயோடின் பெறாத நோயாளிகளோடு ஒப்பிடவில்லை என்று அணு மருத்துவர்கள் பலர் அதை மறுத்தார்கள். என் கருத்து: 65 வயதில் இதயம் தாறுமாறாகத் துடிப்பவருக்கு இந்தக் கணக்கு பொருட்டே அல்ல. 22 வயதுப் பெண்ணிடம் இதையும் சொல்லி, மாத்திரை, அறுவை இரண்டையும் எடுத்துரைத்து, அவரையே முடிவெடுக்க விட வேண்டும்.

வீட்டில் என்ன செய்வது? முதல் இரண்டு நாளில் மருந்தின் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். நிறையத் தண்ணீர் குடித்து, கழிப்பறையில் ஒன்றுக்கு இரண்டு முறை நீர் ஊற்றி, கை கழுவினால் போதும். கழுத்திலிருந்து வரும் காமா கதிருக்குத் தூரமே மருந்து. ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு விலகினால் கால்வாசியாகக் குறையும். பேருந்தில் கர்ப்பிணி பக்கத்திலும் குழந்தை பக்கத்திலும் உட்காராதீர்கள். மருத்துவமனையில் தரும் துண்டுத்தாளில் ‘தனி அறையில் உறங்கவும்’ என்று இருக்கும். ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் படுக்கும் குடும்பத்துக்கு அது என்ன வழி காட்டும்? அவர்களிடம், ‘நீங்கள் திண்ணையில் படுத்துக்கொள்ளுங்கள், கைக்குழந்தையைப் பத்து, பதினைந்து நாள் பாட்டி வீட்டில் விடுங்கள், அமாவாசைக்கு மேல்மலையனூர்க் கூட்டத்துக்கு இந்த மாதம் வேண்டாம்’ என்று அவர்கள் வாழ்க்கையிலிருந்து சொல்ல வேண்டும். மறுபக்கம், தட்டை ஆறு மாதம் ஒதுக்கிவைப்பதும், சமைக்கவிடாமல் தள்ளிவைப்பதும் அறியாமை. எத்தனை நாள் என்பதைக் குடித்த அளவைப் பொறுத்து மருத்துவமனையே எழுதித் தரும். அதற்குப் பிறகு அவர் எல்லோரையும் போல.

நான் கேட்பது பெரிதல்ல. அயோடின் குடித்த ஒவ்வொருவர் கையிலும் தமிழில் ஓர் அட்டை இருக்க வேண்டும். நோயின் பெயர், மருந்து குடித்த தேதி, அளவு, அடுத்த சோதனைத் தேதி, ‘TSH மட்டும் போதாது, T4-உம் பார்க்கவும்’ என்ற ஒரு வரி, கண்ணில் என்ன தெரிந்தால் எங்கே போக வேண்டும் என்ற இன்னொரு வரி. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பணியாளர்கள் வீடு தேடிப் போகிறார்கள். அதே ஏட்டில் இவர்களையும் சேர்க்க வேண்டும். மொத்தமே சிறு எண்ணிக்கைதான், சுமை கூடாது. தைராக்சின் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்க வேண்டும்.

அட்டை அச்சாகி வர நாளாகலாம். அதுவரை, திண்டிவனத்திலும் முண்டியம்பாக்கத்திலும் புறநோயாளிப் பிரிவில் இருக்கும் நண்பர்களே, சோர்வு என்றோ உடல் கனக்கிறது என்றோ வருகிறவரிடம், எப்போதாவது அயோடின் குடித்தீர்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் அன்றே T4-க்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் கண்ணையும் ஒரு முறை பாருங்கள்.